கெல்டியரும் ஒற்றுமைக் கனவும்

ஒரே மொழிக்குடும்பத்தைச் சார்ந்த மக்கள் ஓராட்சியின்கீழ் ஒன்றுபடல் இயலுமா? ஐரோப்பாவின் மேற்கோரத்தில் வாழும் கெல்டிய மக்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மான் தீவு ஆகியவற்றின் கெல்டிய மொழிகள் ஒரு கிளை. வேல்ஸ், கார்ன்வால், பிரான்சு நாட்டின் பிரிட்டனி ஆகியவற்றின் மொழிகள் மற்றொரு கிளை. இவற்றின் உறவை விரிவாக ஆராய்ந்த வேல்ஸ் அறிஞர் எட்வர்டு லூயிடின் நூல் 1707இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்து இங்கிலாந்தோடு இணைந்தது. பிரிட்டனி 1532இல் பிரான்சுடனும், வேல்ஸ் 1536இல் இங்கிலாந்துடனும் முன்னரே இணைக்கப்பட்டிருந்தன. உறவு தெளிவுற்ற காலத்தில் உரிமை கைநழுவிப் போயிருந்தது.

உறவை முன்னரே உணர்ந்து முயன்றவரும் உளர். ஸ்காட்லாந்து மன்னர் இராபர்ட் புரூஸ், அயர்லாந்தின் மன்னர்களுக்கு விடுத்த மடலில், இரு நாட்டாரும் ஒரே குடியினர், பொதுமொழியும் பொதுவழக்கும் உடையவர் என எடுத்துரைத்தார். 1315இல் அவர்தம் தம்பி எட்வர்டு பெரும்படையுடன் அயர்லாந்தில் இறங்கினார். சில தலைவர்கள் வரவேற்றனர். வேறு சிலர் எதிர்த்தனர். அக்காலத்தில் வட ஐரோப்பாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசித்த நாட்டில் புகுந்த படை, எஞ்சிய உணவையும் சூறையாடியது. 1318இல் எட்வர்டு போர்க்களத்தில் மாண்டபோது, ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளே அதனை நற்செய்தியாகப் பதிந்தன. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்னும் பழமொழியின் உண்மை அங்கே விளங்கிற்று.

பிற்காலத்தில் ஒவ்வொரு நாடும் தனித்தனி வழியே சென்றது. அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் தன்னாட்சி பெற்றது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் 1999இல் தத்தம் மன்றங்களைப் பெற்றன. 2014 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தினருள் நூற்றுக்கு 55 பேர் பிரிவினையை மறுத்தனர். ஆறு நாடுகளின் ஒற்றுமைக்கென 1961இல் கெல்டியக் கழகம் தோன்றியது; எனினும் ஓரரசு உருவாகவில்லை. ஐரிஷ் மொழியாளரும் வேல்ஸ் மொழியாளரும் உரையாட ஆங்கிலமே துணையாகின்றது.

ஆயினும் மற்றோர் ஒற்றுமை ஓசையின்றி வளர்ந்தது. 1939இல் வேல்ஸின் ஆபெரிஸ்ட்வித் நகரில் ஏழே மாணவருடன் தாய்மொழித் தொடக்கப்பள்ளி ஒன்று தோன்றியது. வேல்ஸ், பாஸ்க் மக்களின் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டு 1977இல் பிரிட்டனியரும் தம் மொழிக்குப் பள்ளி கண்டனர். மான் தீவில் தாய்மொழியாளருள் இறுதியானவர் 1974இல் மறைந்தார். 2001இல் அங்கும் அம்மொழி வழித் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது.

குருதியுறவை முழக்கிய படையால் இயலாததைச் சிறு பள்ளிகள் இயற்றின. ஒருவர் கண்ட வழியை மற்றவர் கற்றுக்கொள்வதே கெல்டியர்க்கு வாய்த்த உண்மையான ஒற்றுமை எனலாம்.