எழும்புவதற்கு முன் ஒரு வரி

இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழும்பிவிட்டேன். முதலில் தண்ணீர் மோட்டரை நிறுத்துவதற்கு. அடுத்தது கனடாவிலிருந்து பெரியம்மாவின் அழைப்பு. அங்கே வேலை முடிந்து அவர் ஆறுதலாக இருக்கும் இரவு, இங்கே எனக்குக் காலை. மூன்றாவது தடவை படலையடியில் ஒரு அம்மா நின்றார், கையில் மடித்த பொலித்தீன் பையோடு. "பிள்ளை, அலுவலோ? இதை ஒருக்கா நிரப்பித் தாறியோ?"

நான் சுயாதீன ஊடகவியலாளர். கட்டுரை வெளிவந்தால்தான் காசு. அலுவலகம் இல்லை, சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். ஊடகக் கற்கை படித்தபோது செய்தியின் கட்டமைப்பைச் சொல்லித் தந்தார்கள், அறநெறி சொல்லித் தந்தார்கள். பாதி வசனத்தில் எழும்பிப் போனவள் அந்த வசனத்துக்கு எப்படித் திரும்பி வருவது என்று எந்த விரிவுரையிலும் கேட்ட ஞாபகம் இல்லை.

இதைப்பற்றி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலையும் கெடுகிறது என்பது அதன் சாரம். எங்களுக்கு 2009 என்றால் வேறு ஞாபகம். அதற்குப் பின்னால் வருகிறேன். 2018இல் அவரும் தெரேசா குளோம்பும் சேர்ந்து ஒரு கைமருந்தும் சொன்னார்கள்: எழும்புவதற்கு முன், எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யவேண்டும் என்பதைச் சுருக்கமாக எழுதி வைத்துவிடுவது. அப்படிச் செய்தவர்களின் மனம் அடுத்த வேலையில் நன்றாக ஒன்றியது.

நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். அழகான வசனம் தேவையில்லை. "அடுத்தது: கிணறு இறைத்த கதை. தொகையைச் சரிபார்." இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் கவனிப்பேன். தகவல் தந்தவரின் பெயரை அந்த வரியில் எழுதமாட்டேன். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கொப்பியை யாரும் பார்க்கலாம், எங்கள் ஊரில் யார் யார் வந்து போவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும் இடத்தில்தான் அன்றைய எழுத்தை நிறுத்துவேன் என்று ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானித்தார். இங்கே அதைத் தீர்மானிப்பது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது மடிக்கணினியை மூடிவிட்டுக் கொப்பிக்குத் திரும்பினேன். அம்மாவுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. 90களில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர் அவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான யாழ்ப்பாணப் பத்திரிகைகளை வாசித்த தலைமுறை அது.

டொமினிக் ஜீவாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சலூனில் தொழில் செய்தபடிதான் 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். 40 ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். கதிரையில் ஆள் வந்து இருந்தால் பேனையைக் கீழே வைக்கத்தானே வேண்டும்?

எல்லா வேலைக்கும் ஒரே அளவு அமைதி தேவையில்லை என்பதும் பிந்தித்தான் விளங்கியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, பெயர், திகதி சரிபார்ப்பது எல்லாம் இடையூறைத் தாங்கும். ஒலிப்பதிவைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வைத்துக்கொண்டால் பஸ்ஸிலும் செய்யலாம். தாங்காதது கட்டுரையின் தொடக்கமும், எது முன், எது பின் என்று அடுக்குவதும். அதற்கு விடிய நாலரை மணி. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி அதையும் எடுத்துக்கொள்ளும்.

இனி 2009. இடம்பெயர்ந்து போகும்போது என்னிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. எந்த நாள் எங்கே இருந்தோம், யார் கூட வந்தார்கள், ஒரு கிலோ அரிசி என்ன விலை என்று எழுதியிருந்தேன். ஒன்று பங்கருக்குள் நனைந்தது. மற்றதை மாத்தளனில் விட்டுவிட்டு ஓடினோம். செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எல்லாம் பச்சையாக ஞாபகம் இருந்தது. ஆனால் கூடாரத்துக்குள் இத்தனை பேருக்கு நடுவில் எழுதமுடியாது, வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்து எழுதுவோம் என்று விட்டேன். வீட்டுக்குப் போனபோது கூரை இல்லை. பிறகு படிப்பு, பிறகு வேலை. அந்த அமைதி வரவேயில்லை. சில வருடங்களுக்கு முன் எழுத உட்கார்ந்தபோது, எங்களோடு ஒரே பங்கருக்குள் இருந்த ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளையின் பெயர் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. முகாமில் கிடைத்த ஏதாவது பேப்பர்த் துண்டில் அந்தப் பெயரை மட்டுமாவது எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இப்போது கிடைக்கும் ஐந்து நிமிடத்திலும் எழுதுகிறேன். துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒட்டுவதற்குப் பிறகு ஒரு நாலரை மணி கிடைக்கும்.

படலைக்கு வருபவர்களுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. கடிதத்தில் போட்டிருக்கும் கடைசித் திகதி சனிக்கிழமையைப் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நிரப்பிய படிவம் ஒவ்வொன்றையும் அவர்களின் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அடுத்த அலுவலகமும் அதே விபரத்தைத்தான் கேட்கும். முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது அடுத்த தடவை இருபது நிமிடத்தில் முடியும். அந்த அம்மாவும் மகன் காணாமல்போன இடத்தையும் நாளையும் இன்னொரு தடவை வாயால் சொல்லத் தேவையில்லை.

அன்று அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது பதினொன்றரை. கரண்டும் போய்விட்டது. மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. எழும்பும்போது கிறுக்கியது அதில் இருந்தது: "அடுத்தது: 2009."