பதிவேடுகளுக்கு ஒரு தூதரகம்

தூதரகத்துள் பிற நாட்டார் இசைவின்றிப் புகலாகாது என்பது மரபு. எஸ்தோனியா என்னும் சிறுநாடு இக்காப்பைத் தன் கணினிப் பதிவேடுகளுக்கும் தேடிக்கொண்டது.

1940-இல் சோவியத் ஒன்றியத்தால் கவரப்பட்டு, 1991-இல் விடுதலை மீட்ட நாடு அது. 2007 ஏப்ரலில் தலைநகர் தாலினில் சோவியத் வீரன் சிலை இடம் மாற்றப்பட்டது. உடனே அரசு, வங்கி, செய்தித்தாள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் பல தாக்குண்டு முடங்கின. பதிவேடுகள் அழியின் அரசே நிலைகுலையும் என்பது தெளிவாயிற்று.

2017 ஜூன் 20-இல் எஸ்தோனியா லக்சம்பர்க்குடன் உடன்படிக்கை செய்தது. நிலப்பதிவு, மக்கட்பதிவு, ஓய்வூதியக் கணக்கு முதலியவற்றின் படிகள் அங்கே ஒரு கணினி நிலையத்தில் வைக்கப்பெற்றன. எஸ்தோனியாவின் இசைவின்றி லக்சம்பர்க் அதிகாரிகளும் அவ்விடம் புகலாகாது.

மண் மீண்டும் பறிபோயினும், அது யாருடையது என்னும் சான்று பிழைத்திருக்கும்.