இறக்கையும் வில்லையும்

ராயபுரத்தில் ‘பைலட்’ என்றால் பழைய துறைமுகத்து ஆட்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், கடலைப் பார்ப்பார்கள். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், ஏணியில் தொற்றி ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிறவர்தான் அவர்களுக்கு பைலட். விமானமெல்லாம் பிற்பாடு வந்தது. கேப்டன், கேபின், ஏர்போர்ட்டில் இருக்கும் ‘போர்ட்’ எல்லாமே கப்பல்காரர்களிடம் வாங்கிய கடன்தான்.

உடுப்பும் அப்படித்தான். 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம், தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்களை ஓட்டியபோது தன் விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளின் சாயலில் உடை கொடுத்தது. கைப்பட்டையில் தங்கக் கோடுகள் அப்படி வந்தவை. நெஞ்சில் குத்தும் இறக்கை மட்டும் போர் விமானிகளிடமிருந்து வந்தது.

இந்த இறக்கைகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள்: ஊசியா, திருகா, செய்தவர் முத்திரை இருக்கிறதா? நிறுவனம் மூடிவிட்டால் தேடல் இன்னும் கூடும். நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019இல் ஜெட் ஏர்வேஸ். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தது.

சரி, இறக்கைக்குச் சொல் கொடுத்த துறைமுகத்தின் பேட்ஜ் எங்கே?

1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அன்றாடம் கங்காணி கைகாட்டினால்தான் வேலை என்றிருந்த நிலைமையைப் பதிவுமுறை மாற்றத் தொடங்கியது. அந்த உலகத்தில் எண் பொறித்த வில்லை வெறும் அலங்காரம் இல்லை, சோறு. 1975இல் வந்த ‘தீவார்’ படத்தில் அமிதாப்பின் 786 நினைவிருக்கிறதா? துறைமுகக் கூலியின் வில்லைதான் அது. 1981இல் அந்தப் படம் தமிழில் ரஜினி நடிக்க ‘தீ’ என்று வந்தது.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது. மூட்டை தூக்கிய தோள்களின் வேலையை கிரேன் எடுத்துக்கொண்டது.

இந்தப் பக்கத்துக் காயலான் கடை ஒன்றில் பழைய வில்லை ஏதாவது வருமா என்று கேட்டேன். “பித்தளைதானே தம்பி, எடை போட்டு உருக்க அனுப்பிடுவோம்” என்றார் கடைக்காரர். விமானியின் இறக்கைக்கு வெல்வெட் பெட்டி. இதற்குக் கிலோ கணக்கு. இறக்கையில் நிறுவனத்தின் பெயராவது இருக்கும், இதில் வெறும் எண்தான். அது யாருடையது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பித்தளை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். யார் அணிந்தது, எந்த வருஷம், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். பாட்டிக்குத் தெரிந்திருக்கும். இப்போதே கேளுங்கள்.