பறங்கிப்புண்ணிலிருந்து பீலெஃபெல்ட் வரை

சில வருடங்களுக்கு முன்பு பீலெஃபெல்டில் ஒரு தாய், பதினொரு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார். தாய்க்கு டொய்ச் தெரியாது, மகனுக்குத் தெரியும். அவருக்கு வெள்ளைபடுதல், கூடவே தாங்கமுடியாத கடியும் எரிவும். இதைப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்விப்பது? "வயிற்றுக்குள் நோகுது எண்டு சொல்லு" என்றார். பிள்ளையும் அப்படியே சொன்னான். வயிற்றுவலிக்குக் குளிசை கிடைத்தது. மூன்று கிழமைக்குப் பின் மொழிபெயர்க்க என்னை அழைத்தபோதுதான் விசயம் வெளியே வந்தது. சாதாரண பூஞ்சணத் தொற்று. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது. சில நாள் மருந்தில் மாறுவது. ஆனால் வெளியே வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "இது கெட்ட வருத்தம் இல்லைத்தானே? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

'கெட்ட வருத்தம்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1495இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸின் படை நேப்பிள்ஸைப் பிடித்திருந்தபோது ஒரு புதிய நோய் பரவியது. பிரெஞ்சுக்காரர் அதை 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். ஜேர்மானியரும் இத்தாலியரும் 'பிரெஞ்சு நோய்' என்றனர். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தான். அடுத்த நூற்றாண்டில் பாவமிஸ்ரர் தமது ஆயுர்வேத நூலில் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' என்று எழுதினார். தமிழில் அது பறங்கிப்புண். அதற்கு மருந்தான சீனக் கிழங்கும் பறங்கிப்பட்டை ஆயிற்று. இன்று நாம் சிபிலிஸ் என்பதை எந்த ஊராரும் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. நோய் எப்போதும் அயலானுடையது.

எமது வைத்திய மரபோ இன்னொரு வேலையும் செய்தது. வெட்டை, வெள்ளை, கிரந்தி என்று பல கோளாறுகளை மேகநோய் என்ற ஒரே கூடைக்குள் போட்டது. காமத்தோடு தொடர்பேயில்லாத தொற்றும் அந்தப் பெயரின் நிழலில் ஒழுக்கக்கேடாகிப் போனது. அந்தத் தாயின் கேள்வி இந்தக் கூடைக்குள்ளிருந்துதான் வருகிறது.

பெயர் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இலங்கையே சாட்சி. அங்கே 'பறங்கி' நோய் என்று அழைக்கப்பட்டது சிபிலிஸ் அல்ல. அதே கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் உடலுறவால் பரவாத, பெரும்பாலும் பிள்ளைகளின் தோலிலிருந்து தோலுக்குத் தொற்றும் வேறொரு நோய். வன்னி உட்பட வறண்ட பிரதேசக் கிராமங்களை அது வாட்டியது. பிரித்தானிய அரசின் தலைமை வைத்திய அதிகாரி கின்சி 1881இல் அதைப்பற்றித் தனி அறிக்கையே எழுதினார். வறுமையும் நெருக்கமும் சுத்தமான நீரின்மையும் உள்ள இடத்தில் அது தழைத்தது. கடைசியில் பென்சிலின்தான் அதை ஒழித்தது. அதுவரை வறுமையின் நோய் ஒன்று அந்நியனின் பெயரைச் சுமந்து திரிந்தது.

பெயரிடுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1864இல் பிரித்தானியா தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1867இல் இலங்கையிலும் 1868இல் இந்தியாவிலும் அவ்வகைச் சட்டங்கள் வந்தன. படையினரை நோயிலிருந்து காப்பதே நோக்கம் என்றார்கள். பாலியல் தொழிலாளிகள் எனக் கருதப்பட்ட பெண்கள் பதியப்பட்டு, கட்டாயமாகச் சோதிக்கப்பட்டு, நோய் கண்டால் பூட்டிய வைத்தியசாலைகளில் அடைக்கப்பட்டனர். படையினரை அவ்வாறு எவரும் பதிந்து அடைக்கவில்லை. ஜோசஃபின் பட்லர் போன்ற பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1886இல் பிரித்தானியாவில் சட்டம் நீக்கப்பட்டது.

வெள்ளையன் போனபின் நாம் திருந்திவிட்டோமா? 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதன்பின், விபசாரத் தடுப்புச் சட்டத்தில் கைதாகித் தொற்று இருப்பதாகக் காணப்பட்ட பெண்கள், தண்டனைக்காலம் முடிந்தும் காப்பகத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் நீதிமன்றம் போனபின் 1990இல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பூட்டிய வைத்தியசாலையின் சாவி இப்போது தமிழ் அதிகாரிகளின் கையில் இருந்தது என்பதே வித்தியாசம்.

இனி ஜேர்மனிக்கு வருவோம். 1992இன் தஞ்சநடைமுறைச் சட்டம், முகாமில் தங்கும் அகதிகள் தொற்றுநோய்ச் சோதனைக்கும் நெஞ்சு எக்ஸ்ரேக்கும் உடன்பட வேண்டும் என்றது. பவேரியா எச்.ஐ.வி. சோதனையையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடமே, 1993இல் வந்த அகதிகளுக்கான உதவிச் சட்டம், கடுமையான நோய்க்கும் வலிக்கும் மட்டுமே வைத்தியம் என்று பெருமளவுக்குச் சுருக்கியது. எமது தொற்றைத் தேட அரசுக்கு ஆர்வமுண்டு. எமது நோயை மாற்ற அவ்வளவு ஆர்வமில்லை. சோசலில் கிராங்கன்சைன் கேட்டு நின்றவர்களுக்கு இது தெரியும். எழுத்தருக்குச் சொறி கடுமையான நோயாகத் தெரியாது. சொறிப்பூச்சியோ கடி தொடங்குமுன்னரே, முதல் தொற்றில் இரண்டு முதல் ஆறு கிழமை வரை, ஒரே அறையில் நெருங்கிப் படுக்கும் எல்லோரிலும் ஏறிவிடும். நெருக்கத்தை உண்டாக்கியது முகாம், பழி அகதிக்கு. இச்சட்டத்தின் கட்டுப்பாடு முதலில் ஒரு வருடம். 2015இல் 15 மாதம். 2024இலிருந்து 36 மாதம்.

இதற்கு எதிரான வலுவான சான்றுகளில் ஒன்று எங்கள் நகரத்தோடு தொடர்புடையது. பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் 1994இல் சுகாதார விஞ்ஞானத்துக்குத் தனிப் பீடம் தொடங்கப்பட்டது. அங்கே பேராசிரியரான ஒலிவர் ராட்சுமும், பின்னாளில் அங்கேயே பேராசிரியரான கைவன் பொசோர்க்மேரும் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1994 முதல் 2013 வரையான புள்ளிவிபரத்தின்படி, வைத்தியம் மறிக்கப்பட்ட அகதிகளுக்கே அரசு ஆளொருவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 376 யூரோ கூடுதலாகச் செலவிட்டிருந்தது. மறுப்பது மிச்சம்பிடிப்பதல்ல.

ஆனால் அரசை மட்டும் குற்றஞ்சாட்டி இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. 2001இலிருந்து நடைமுறையிலுள்ள தொற்றுத் தடுப்புச் சட்டம், பாலியல் நோய்களுக்கு ஆலோசனையும் சோதனையும் வழங்கும் பொறுப்பைச் சுகாதாரத் திணைக்களங்களிடம் கொடுத்திருக்கிறது. பெயர் சொல்லாமலும் போகலாம். எம்மவரில் எத்தனைபேர் போயிருப்போம்? வயலில் வந்த சேற்றுப்புண் உணவகக் குசினியின் ஈரச் சப்பாத்துக்குள் மறுபடி வந்தது. கோப்பை கழுவிய கைகள் வெடித்துப் புண்ணாகின. அதைக்கூட மறைத்தோம். தேசியம், சாதி, பெண்ணியம் என்று இரவிரவாக விவாதித்த நாம், எங்கள் வீட்டுப் பெண் ஏன் பிள்ளையைக் கொண்டு பொய் சொல்விக்கிறாள் என்று கேட்கவில்லை. பெண்ணியம் பேசிய நானும் அந்தத் தாய் அழைக்கும்வரை கேட்கவில்லை.

இரண்டு காரியங்கள் உடனே செய்யலாம். ஒன்று, உடலுறுப்புகளுக்கும் சாதாரண தொற்றுகளுக்கும் கூச்சமில்லாத தமிழ்ச் சொற்களும் அவற்றுக்கு நேரான டொய்ச் சொற்களும் கொண்ட சிறு கைநூல். மற்றது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கத்தை நிறுத்தி, வளர்ந்தவர்கள் முறைவைத்துக் கூடப்போவது. பீலெஃபெல்டில் நாங்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். சொற்களில்தான் முதல் சண்டை வந்தது: 'மேகநோய்' என்ற சொல்லைக் கைநூலில் வைப்பதா, எடுப்பதா? எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.