பழைய தீர்ப்பும் புதிய பொறியும்



நான் தலைமையாசிரியனாய் இருந்தபோது, காலந்தாழ்த்தி வந்த மாணவன் ஒருவனைத் தண்டித்தேன். அவன், "ஐயா, சென்ற திங்கள் இதே குற்றத்துக்கு வேறொருவனை மன்னித்தீர்களே!" என்றான். "அவன் வழியில் வெள்ளம் வந்தது, உன் வழியில் வந்ததா?" என்றேன். அவன் தலைகுனிந்தான். நான் வென்றதாக எண்ணிக்கொண்டேன்.

ஆங்கிலச் சட்டமரபைத் தழுவிய நாடுகளில் வழக்கறிஞர் வாதமும் இத்தகையதே. ஒருவர் பழைய தீர்ப்பொன்றைக் காட்டி ஒற்றுமை பேசுவார். மற்றவர் வேற்றுமை பேசுவார். இதனைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க இயலுமா?

1977ஆம் ஆண்டில் தார்ன் மெக்கார்ட்டி என்னும் அமெரிக்க அறிஞர், 'டாக்ஸ்மேன்' என்னும் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அது நிறுவனங்களின் வரிச்சட்டக் கருத்துகளைப் பொறிக்குப் புகட்டும் முயற்சி. ஆனால், விதியை மட்டும் அறிந்தால் போதாது. வழக்கோடு வழக்கை ஒப்பிடவும் வேண்டும் அன்றோ?

அதனைச் செய்தது 'ஹைப்போ'. 1980களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் ஆஷ்லி, பேராசிரியை எட்வினா ரிஸ்லாண்டின் வழிகாட்டுதலில் இதனை அமைத்தார். தொழில் இரகசியம் திருடப்பட்ட வழக்குகளே அதன் களம். இரகசியத்தைக் காக்க முதலாளி என்ன செய்தார்? எத்தனை வெளியாருக்கு அதனைச் சொன்னார்? வெளியார் தொகை பெருகப் பெருக அவர் வழக்கு மெலியும். இத்தகைய அளவுகோல்களால் பழைய வழக்குகளை ஆராய்ந்து, ஹைப்போ வாதியின் வாதத்தைக் கூறும். பிரதிவாதியின் மறுப்பைக் கூறும். அம்மறுப்புக்கு வாதியின் விடையையும் கூறும். கற்பனை வழக்குகளைப் படைத்து வாதத்தின் உறுதியைச் சோதிக்கவும் செய்யும். 1997இல் வின்சென்ட் அலெவன் இவ்வழியில் 'கேட்டோ' என்னும் நிரலைச் சட்ட மாணவர் பயிற்சிக்கென உருவாக்கினார்.

நிற்க. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், உரையாடும் பொறி புனைந்த இல்லாத வழக்குகளை மெய்யென நம்பி மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஹைப்போ தன்னிடம் இருந்த வழக்குகளையே எடுத்துக் காட்டியது, காரணத்தையும் காட்டியது. இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.

இனி, என் மாணவனிடம் வருகிறேன். நோயுற்ற தாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அவன் வந்திருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். என் ஒப்பீட்டில் பிழையில்லை. நான் கேட்காமல் விட்டதே பிழை. பொறியும் தன்னிடம் சொல்லப்பட்ட செய்திகளையே ஒப்பிடும். சொல்லப்படாததைக் கேட்டறிவது மனிதர் கடமை. நாளை நீங்கள் எவ்விருக்கையில் அமர்ந்தாலும், தீர்ப்புக் கூறுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்.