ஆளில்லாத காட்சி

தேசியப் பூங்கா என்றதும் நம் தலைமுறைக்கு நினைவில் வருவது டிவியில் பார்த்த ஆப்பிரிக்காதான். மஞ்சள் புல்வெளி, தூரத்தில் ஒற்றை மரம், வரிக்குதிரைகள், திறந்த ஜீப். மனிதர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தால் ஜீப்பில் இருப்பார்கள். அந்தக் காட்சி ஆளில்லாமல் ஆனதற்கு ஒரு வருடக் கணக்கு உண்டு. செரெங்கெட்டியில் மாடு மேய்த்துவந்த மாசாய் மக்களை 1959இல் ஆங்கிலேய நிர்வாகம் வெளியேற்றி, ங்கொரொங்கோரோ பக்கம் அனுப்பியது. ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ என்ற புகழ்பெற்ற ஆவணப்படம் வந்ததும் அதே வருடம்தான்.

வானூர் பக்கமிருந்து கழுவெளிக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. தான்சானியாவின் சிறிய பூங்காக்களில் ஒன்று மன்யாரா ஏரிப் பூங்கா. கழுவெளி அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது: 5,151.6 ஹெக்டேர். ஆனால் இரண்டிலும் ஆழமில்லாத உவர்நீர்தான், இரண்டிலும் பூநாரை இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டார ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்து கடைசியில் இங்கே வந்து சேரும். மறுபக்கம் எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வரும். கோடையில் பாதிக்குமேல் வெடித்த தரைதான். தை மாதம் போனால் ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம். புகைப்படத்துக்கு அதிகாலையே நல்லது, பத்து மணிக்குமேல் கானல் எல்லாவற்றையும் நெளிய வைத்துவிடும்.

நான் அதிக நேரம் நின்றது ஏரிக்கரையில் அல்ல, மரக்காணம் உப்பளத்தில். இந்தக் கரையின் வரலாறே உப்புதான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உமணர் பிள்ளைகளோடு குரங்கு விளையாடும் காட்சியும் அந்தப் பாட்டில்தான் வருகிறது. அப்புறம் 1805இல் கம்பெனி சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரன் உப்பு விளைத்தால் ஏகபோகம் எப்படி நிற்கும்? 1818இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்த வைத்தார்கள். ஈடாக வருடத்துக்கு 4,000 வராகன். அளம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க என்று பேச்சு. அளத்தில் கூலிக்கு நின்றவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், நாரை எங்கே இறங்கும் என்று கேட்டேன்.

“கடைசிப் பாத்திக்கு வராது தம்பி. அங்க தண்ணி கனத்துப் போயிடும், ஒண்ணும் உசுரோட இருக்காது. மொதல்ல தண்ணி ஏத்தி வைக்கிற எடத்துக்குப் போ. புழு, கூனியெல்லாம் அங்கதான்.”

இதைத்தான் பறவை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்: உப்பு படியும் பாத்தி பறவைக்குப் பாலை, அதற்கு முந்தைய தேக்கங்கள்தான் பந்தி. மனிதர் வெட்டிய வரப்பும் திறந்த மடையும் சேர்ந்துதான் அந்தப் பந்தி. சரணாலயம் வந்ததில் ஏதாவது சிரமமா என்று கேட்டதற்கு, “எங்களுக்கு என்ன? ஏரிக்குள்ள எறா தடவுறவங்கள போய்க் கேளு” என்று மிதிப்பதைத் தொடர்ந்தார்.

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இரண்டும் தேவையானவை, ஆக்கிரமிப்பும் வேட்டையும் கொஞ்சநஞ்சமல்ல. தேசியப் பூங்கா ஆகாமல் சரணாலயம் ஆனதில் எனக்குத் தனி நிம்மதி. 1972 வனவுயிர்ச் சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு இடமில்லை, பழைய உரிமைகளையும் தீர்த்த பிறகுதான் இறுதி அறிவிப்பு. சரணாலயத்திலோ, தலைமை வனவுயிர்க் காப்பாளரைக் கலந்து, கலெக்டர் சில உரிமைகள் தொடரலாம் என்று விடமுடியும். ராம்சர் ஒப்பந்தமும் 1971 முதலே ஈரநிலத்தின் ‘விவேகமான பயன்பாடு’ பற்றித்தான் பேசுகிறது. ஆளை வெளியேற்றச் சொல்லவில்லை.

ஆனால் அந்த உரிமை தானாக வராது. சட்டப்படி கலெக்டர் சுற்றியுள்ள ஊர்களில் அந்தந்த வட்டார மொழியில் பிரகடனம் போட வேண்டும். உரிமை கோருபவர் இரண்டு மாதத்துக்குள், அதற்குரிய படிவத்தில், என்ன உரிமை, எவ்வளவு என்று எழுதித் தரவேண்டும். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் ‘எவ்வளவு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?