ஒரு பெயர், பதினான்கு வண்டிகள்

மாணவ நண்பர்களே, ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் இருக்கும் உள்தட்டை வெளியே இழுத்து, அதன் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பாருங்கள். சிறிதும் எதிர்ப்பின்றி முறுகிவிடும். அதே தட்டை உறைக்குள் செருகிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். இப்போது விரல் வலிக்கும். மூடிய பெட்டி முறுக்கத்தை எதிர்க்கும். மேல்பக்கம் திறந்த பெட்டியால் அது முடியாது. அமெரிக்காவின் மிகப் பெரிய மோட்டார் நிறுவனங்களில் ஒன்று 1961இல் இந்தத் தட்டிடம் தோற்ற கதையைத்தான் இக்கட்டுரையில் நடுநாயகமாக வைத்திருக்கிறேன்.

'பிக்கப்' என்ற வண்டியை நீங்கள் அறிவீர்கள். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே கூரையில்லாத சரக்குத் தொட்டி. ஃபோர்டு நிறுவனம் 1925இலேயே தன் மாடல் 'டி' காரின் பின்புறம் ஒரு தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றது. ஆனால் சுமைவண்டிக்கென்றே தனியாக வடிவமைத்து, 'எஃப்' என்ற எழுத்தை அதற்குச் சூட்டியது 1948இல்தான். அன்று தொடங்கிய வரிசை இன்றும் அறுபடவில்லை. 2021ஆம் ஆண்டு மாடலோடு அதில் பதினான்காம் தலைமுறை வந்தது. 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் டிரக் வரிசை என்ற இடமும் அதற்கு உண்டு.

இத்தகைய நீண்ட வரிசையில் எது சிறந்தது என்று கேட்டால், ஆளுக்கு ஒரு விடை வரும். அழகை விரும்புவோர் தயங்காமல் 1953 முதல் 1956 வரையான எஃப்-100 வண்டியைக் காட்டுவார்கள். அதிலும் 1956இன் வளைந்து சுற்றிவரும் முகப்புக் கண்ணாடி ஒரே ஓர் ஆண்டுக்குத்தான் அந்த உடலில் இருந்தது. ஆகவே அதற்குத் தனி மவுசு. எனக்கும் அது அழகாகத்தான் படுகிறது. ஆனால் பௌதிக ஆசிரியனுக்கு அங்கே வேலை குறைவு. 1961க்கு வாருங்கள்.

சாதாரணப் பிக்கப்பில் அறையும் தொட்டியும் தனித்தனி. இரண்டையும் ஏணி போன்ற ஓர் எஃகு அடிச்சட்டத்தின் மேல் பொருத்தியிருப்பார்கள். அறைக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்கும். வீண் இடம்போலத் தோன்றும் அந்த இடைவெளிதான் வண்டியைக் காப்பாற்றுகிறது. ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அடிச்சட்டம் முறுகும். அறை ஒருபுறமும் தொட்டி மறுபுறமும் சற்றே சாயும். இடைவெளி இருப்பதால் ஒன்றையொன்று இழுப்பதில்லை.

1961இல் ஃபோர்டு பொறியாளர்கள் இந்த இடைவெளியை ஒழித்தார்கள். அறையின் பின்சுவரையும் தொட்டியின் முன்சுவரையும் ஒன்றாக்கி, இரண்டையும் ஒரே உடலாகப் பற்றவைத்து அடிச்சட்டத்தின் மேல் ஏற்றினார்கள். தகடு மிச்சம், பற்றவைக்கும் வேலை மிச்சம், தோற்றமும் கார்போல நேர்த்தி. தாளின் மேல் குறை காண இயலாத யோசனை! ஆனால் இப்போது உங்கள் தீப்பெட்டித் தட்டை நினைத்துப் பாருங்கள். திறந்த தொட்டி முறுகியே தீரும். முன்பு அந்த முறுக்கம் இடைவெளியோடு நின்றது. இப்போது அது நேராக அறைக்குள் சென்றது. அறையில் மிகவும் பலவீனமான இடம் எது? கதவுக்காக வெட்டிய பெரிய துளை. செவ்வகத் துளை சற்றே சாய்சதுரமானால் கதவு என்ன செய்யும்? இறுகிக்கொள்ளும். பாரம் ஏற்றினால் கதவு திறக்க மறுக்கிறது என்ற புகார் அந்த வண்டியோடு ஒட்டிக்கொண்டது.

1962லேயே தனித் தொட்டி வைத்த வண்டியும் விற்பனைக்கு வந்தது. அவசரத்தில் முந்திய தலைமுறையின் தொட்டியையே மாட்டினார்கள். அறையின் கோடும் தொட்டியின் கோடும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வேட்டி ஒருவருடையது, சட்டை மற்றொருவருடையது என்பதுபோல இருந்தது. 1963 மாடலோடு ஒற்றை உடல் மறைந்தது. தோல்விதான் என்றாலும், வகுப்பில் முறுக்கத்தைப் பற்றிப் பேச இதைவிடச் சிறந்த வண்டி எனக்குக் கிடைக்கவில்லை.

அதே தலைமுறை 1965இல் தன் பெயரை மீட்டுக்கொண்டது. அதுவரை முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நீண்ட இரும்பு அச்சின் முனைகளில் இருந்தன. இடச்சக்கரம் கல்லில் ஏறினால் வலச்சக்கரமும் சாயும். இதற்கு மாற்றாக இரண்டு விட்டங்கள் வந்தன. இடச்சக்கரத்தைத் தாங்கும் விட்டத்தின் கீல் சட்டத்தின் வலப்பக்கம். வலச்சக்கரத்துக்குரிய கீல் இடப்பக்கம். விட்டம் நீளமாக இருப்பதால் சக்கரம் ஏறி இறங்கும் வில்லின் ஆரம் பெரிது, சாய்வு குறைவு. குறைவே தவிர இல்லாமற் போகவில்லை. டயரின் ஓரம் தேய்வது இதன் குணம். அதே ஆண்டு வந்த 300 கன அங்குல ஆறு உருளை எஞ்சின் 1996 வரை நீடித்தது. அதன் கேம் தண்டைச் சுழற்றச் சங்கிலி இல்லை; பல்சக்கரங்களே இருந்தன. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவிசை தரும் எஞ்சின். உழைப்பவர்களின் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான்.

1975இல் பிறந்த எஃப்-150 என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. காற்று மாசுச் சட்டத்தின்படி, சுமையோடு சேர்ந்த மொத்த எடை 6,000 பவுண்டுக்குள் அனுமதிக்கப்பட்ட வண்டிகளின் புகைக்குக் கடும் வரம்பு வந்தது. அதற்கு வினையூக்கிக் கலம் தேவை. வினையூக்கியை ஈயம் கெடுத்துவிடும், எனவே ஈயமற்ற பெட்ரோலும் தேவை. எஃப்-150 என்ன செய்தது? மொத்த எடையின் அளவை 6,000 பவுண்டுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டது. ஈயம் கலந்த பெட்ரோலில் தடையின்றி ஓடியது. வாங்கியவர்களுக்கு இலாபம், சாலையோரத்தில் மூச்சுவிட்ட குழந்தைகளுக்கு அல்ல. 1979இல் வரம்பு 8,500 பவுண்டாக உயர்ந்து அந்த வழி அடைபட்டது. இத்தனை புகழ்பெற்ற பெயர் ஒரு சட்டத்தின் சந்தில் பிறந்தது என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

1997இல் வந்த பத்தாம் தலைமுறை வழவழப்பாக இருந்தது, நன்றாக விற்றது. ஆனால் 2001இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் மணிக்கு 40 மைல் வேகத்தில், முகப்பின் ஒரு பகுதி மட்டும் தடையில் மோதுமாறு சோதித்தபோது, மிகக் கீழான மதிப்பையே பெற்றது. ஓட்டுநர் அறையே நசுங்கியது. 40 மைல் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 18 மீட்டர். முகப்பு ஒரு மீட்டர் நசுங்கி வண்டி சீராக நின்றால், உள்ளிருப்பவர் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 16 மடங்கு தாங்கினால் போதும். 60 சென்டிமீட்டரிலேயே நின்றால் 27 மடங்கு. முகப்பு நசுங்க வேண்டும், அறை நசுங்கக் கூடாது: இதுவே கணக்கு. 2004 மாடலில் அடிச்சட்டத்தை நாற்புறமும் மூடிய குழாய்ப் பெட்டியாக்கி, அறையையும் உறுதிப்படுத்தினார்கள். அதே சோதனையில் மிக உயர்ந்த மதிப்புக் கிடைத்தது. பாருங்கள், மீண்டும் மூடிய பெட்டி! என் வீட்டார் ஏறும் வண்டி எதுவென்று கேட்டால், 1956இன் அழகை விட்டுவிட்டு இதையே சுட்டுவேன்.

2015இல் உடல் அலுமினியக் கலவைக்கு மாறியது. அடிச்சட்டம் மட்டும் எஃகு. அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கே அடர்த்தி. யங் குணகமும் அதே அளவில் குறைவு. அப்படியானால் ஆதாயம் எங்கே? தகட்டின் வளைவு எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதம். ஆகவே தடிமனை 1.4 மடங்கு ஆக்கினாலே எஃகின் விறைப்பு வந்துவிடும்; எடையோ பாதிதான். இதனாலும் பிற சிக்கனங்களாலும் வண்டி 700 பவுண்டு வரை இளைத்தது. அலுமினியம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் விரைந்து கடத்துவதால் புள்ளிப் பற்றவைப்பு எளிதன்று. ரிவெட்டும் பசையுமே பெரும்பாலும் இணைக்கின்றன.

இளைத்த உடலுக்கு மீண்டும் சதை வைத்தது மின்கலம். 2022இல் வந்த மின்சார எஃப்-150 வண்டி வெறுமையாக நிற்கும்போதே 6,000 பவுண்டைத் தாண்டியது. 1975இல் சட்டத்திலிருந்து தப்பச் சரக்கையும் சேர்த்துக் காட்டிய எடை அது! அந்த வண்டியில் எஞ்சின் இல்லை, பெட்ரோல் தொட்டி இல்லை, புகைக்குழாயும் இல்லை. அறைக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே அந்தப் பழைய இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.